ஞானமுத்து அண்ணையின் பெயர்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, அவர் எங்களை விட்டுட்டுப் போட்டார்" என்றார் றெஜினா அக்கா. அவருடைய கணவர் சாமுவேல் ஞானமுத்துவின் குரல் போய்ப் பதினொரு மாதங்களாகியிருந்தன. புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் போனது.

இங்கே மெல்பேர்னில் உள்ள தமிழர் பலருக்கு அவர் நோபல் பார்க் புறநகரில் குடியிருந்து தொழிற்சாலைக்குப் போய்வந்த ஒரு சாதாரண மனிதர். அவர் ஒப்பராப் பாடகர் என்பது சிலருக்கே தெரியும். கதை முழுவதையும் பாடியே நடிக்கிற நாடகம் அது. கதாநாயகனுக்குரிய உயர்ந்த ஆண்குரலை அதில் டெனர் என்பார்கள். யாழ்ப்பாணத்துத் தேவாலயமொன்றில் பாடத் தொடங்கிய அண்ணைக்கு அந்தக் குரல் வாய்த்திருந்தது. அதை நம்பித்தான் எழுபதாம் ஆண்டளவில் குடும்பத்தோடு மெல்பேர்னுக்கு வந்தார்.

வந்தவருக்குக் கிடைத்தது பின்வரிசை, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடுகிற இடம். ஒவ்வொரு வருடமும் கதாநாயகன் பாத்திரத்துக்குப் பாடிக்காட்டுவார். ஒவ்வொரு வருடமும் நன்றாகப் புகழ்ந்து அனுப்பிவிடுவார்கள். "என்ரை குரலிலை பிழை இல்லையாம் தம்பி. முகம்தான் கதைக்குப் பொருந்தாதாம்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அப்போது நான் அவர் பாடிய அரங்கின் வாசலில் சனிக்கிழமைகளில் நிகழ்ச்சிப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பகற்காட்சிக்கு முன் கதாநாயகனாக நடித்த வெள்ளைக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் மேடையில் வாயசைப்பது, அண்ணை திரைமறைவில் நின்று பாடுவது என்று முடிவானது. அண்ணை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தன் பெயரைச் சபைக்கு அறிவிக்க வேண்டும். நிர்வாகி ஒப்புக்கொண்டார். பெயர் தட்டச்சான தாள் துண்டுகள், புத்தகங்களுக்குள் வைத்துக் கொடுப்பதற்காக என்னிடம் வந்தன. கதவு திறக்கச் சற்று முன் அதே நிர்வாகி வந்து, சனத்தைக் குழப்ப வேண்டாம், துண்டை வைக்காதே என்றார். நான் வாதாடவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். கட்டு முழுவதையும் குப்பையில் போட்டேன்.

அன்று அவர் பாடியதைப் போல நான் எதையும் கேட்டதில்லை. சபை எழுந்து நின்று கைதட்டியது. வெள்ளைக்காரர் குனிந்து வணங்கினார். நான் உள்ளே ஓடிப் போனபோது அண்ணை அழுதுகொண்டிருந்தார்.

"அவ்வளவு சனமும் எனக்குத்தான் தட்டுதுகள், என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன்.

பிறகு அப்படி ஒரு வாய்ப்பு வரவேயில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த ஒரு நாளைத்தான் சொல்லுவார். பேச்சுப் போன பின்பு எழுதிக் காட்டுவார். கடைசியாகப் பார்க்கப் போனபோது என்னிடம் சிலேற்றை நீட்டினார். "அந்தத் துண்டு ஒண்டு உன்னட்டை இருக்கோ? மகளுக்குக் காட்டவேணும்" என்று அதில் இருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழைத்தனம் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று மழையில் அடக்கம் செய்தோம். பின்வரிசையில் அவரோடு பாடியவர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். திரும்பும்போது மகள் என் பக்கத்தில் வந்து, "அங்கிள், அப்பா கேட்ட பேப்பர் கிடைச்சதோ?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அது கிடைக்காது, மகளே. உன் அப்பாவுக்கு மறைத்ததை உனக்கும் மறைக்க என்னால் முடியவில்லை; அதனால்தான் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன். அந்தத் துண்டில் இருந்தது ஒரே ஒரு வரி: "இன்று கதாநாயகனுக்காகப் பாடுபவர் சாமுவேல் ஞானமுத்து."

அறிவித்துவிட்டேன் அண்ணை. போய் வாருங்கள்.