மாமா மறைத்த ஜன்னல்

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் நான் பாடம் படித்ததைவிட ரூம் அலங்கார வீடியோ பார்த்ததுதான் ஜாஸ்தி. அந்த வீடியோக்களில் வரும் பெண்கள் எல்லோருக்கும் வெள்ளைச் சுவர், வெள்ளை மெத்தை, அதன்மேல் ஒரு வெள்ளைப் பூனை. எங்களுக்கு ஆளுக்கொரு இரும்புக் கட்டில், எந்த நம்பரில் வைத்தாலும் ஒரே வேகத்தில் சுத்தும் ஃபேன், சாய்ந்தால் முதுகோடு வந்துவிடும் சுண்ணாம்புச் சுவர். பூனை மட்டும் இருந்தது. அது மெஸ்ஸுடையது, கறுப்பு.

இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் படிக்கலாம். ஆனால் அம்மா வரப்போகிறாள்.

எங்கள் ஊர் நைனார்பாளையம் போகிற வழியில். காலையில் ஒரு பஸ் பிடித்தால் சின்னசேலம், அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் கள்ளக்குறிச்சி, என் காலேஜ். தினமும் போய்வர முடியும். போய்வர முடியும் என்பதுதான் பிரச்சினையே. முடியாத தூரமாக இருந்திருந்தால் அம்மா வாயைத் திறந்திருக்க மாட்டாள். "பஸ்சு பாஸு சும்மா குடுக்கறான், ஹாஸ்டல் இன்னாத்துக்கு?" என்பதுதான் அவள் கட்சி. என் கட்சியை நான் வெளியே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் போன் பார்த்தால் அம்மா என்னைப் பார்ப்பாள். படித்தால் பார்ப்பாள். சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் அவளும் கூரையைப் பார்த்துவிட்டு, "அங்க இன்னா இருக்குது?" என்பாள். யாரும் என்னைப் பார்க்காத ஒரு ரூம் வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

அழுது, சாப்பாட்டைத் தள்ளிவைத்து (சமையல்கட்டில் முறுக்கு டப்பா இருந்தது, அது வேறு விஷயம்) ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன். நிபந்தனையோடு. "ஒரு ஞாயித்துக்கெழம சொல்லாம கொள்ளாம வருவன். ரூமு செரியில்லன்னா பொட்டிய தூக்கிக்கினு எங்கூட பஸ்சு ஏறிடணும்."

அம்மாவுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ள வராது. வெள்ளிக்கிழமை போன் செய்து, "இந்த ஞாயித்துக்கெழம சொல்லாம வரலாம்னு இருக்கறன்" என்றாள்.

என் ரூம்மேட் வெள்ளிமலைக்காரி. கல்வராயன் மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறிப் படிப்பது நடக்காத காரியம் என்பதால் அவளுக்கு யாரும் எந்த நிபந்தனையும் போடவில்லை. அந்தப் பொறாமை எனக்கு உண்டு. அதிகம் பேச மாட்டாள். பேசினால் ஒரே வரி, அதுவும் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பட்ஜெட் என்று பார்த்தால், பக்கெட்டும் மக்கும் வாங்க அம்மா கொடுத்த காசு இருந்தது. அதில் சீரியல் லைட்டும் டபுள் டேப்பும் வாங்கினேன். ரூம்மேட்டின் பக்கெட்டிலேயே குளித்துக்கொள்ளலாம் என்று அவளைக் கேட்காமல் முடிவு செய்தேன்.

டேப் சுவரில் ஒட்டியது. நன்றாகத்தான் ஒட்டியது. சுவர்தான் சுவரில் ஒட்டவில்லை. லைட் சரத்தோடு ஒரு பாளம் சுண்ணாம்பு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அடுத்து, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாவைக் காய்ச்சித்தானே ஒட்டுகிறார்கள் என்று மெஸ் அக்காவிடம் கெஞ்சி மைதாப் பசை வாங்கி, முட்டை அட்டைகளுக்குப் பெயின்ட் அடித்து வரிசையாக ஒட்டினேன். பிரமாதமாக நின்றது. சாயங்காலம் பார்த்தால் முட்டை அட்டை முழுக்க எறும்பு. குழிக்கு ஒரு குடும்பம்.

"ரூமு நெறஞ்சிடிச்சி" என்றாள் வெள்ளிமலைக்காரி.

"நக்கல் பண்ணாத. சொவத்த வுட்டுடலாம். ஜன்னல இன்னா பண்றது, அத சொல்லு."

உண்மையான ஆபத்து ஜன்னல்தான். கம்பி இருந்தது, கதவு இல்லை. போன மழையில் விழுந்த கதவை இன்னும் மாட்டவில்லை. மாடிதான் என்றாலும் நேர் எதிரே ரோடு, ரோட்டைத் தாண்டி டீக்கடை, டீக்கடை பெஞ்சில் எப்போதும் நாலு பேர். அதுவரை ஒரு பழைய துப்பட்டாவைக் கட்டி வைத்திருந்தோம். காற்றடித்தால் அது கொடியேற்றம் மாதிரி பறக்கும். அம்மா இந்த ஜன்னலைப் பார்த்தால் என் பெட்டியை அவளே கட்டிவிடுவாள்.

துணி ஸ்கிரீன் வாங்கக் காசில்லை. அப்போதுதான் பேனர் யோசனை வந்தது. வெள்ளைப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டினால் வீடியோவில் வருகிற மாதிரியே வெள்ளை ஸ்கிரீன். காற்றில் பறக்காது, மழைக்கும் தாங்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் பேனர் அடிக்கிற கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"வேஸ்ட் பேனர் இருக்குதாண்ணா?"

கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு மணமகனுக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, "மாட்டுக் கொட்டாய்க்கா, கோழிக்கா?" என்றார்.

"ஹாஸ்டல் ரூமுக்கு."

"அதுவும் கொட்டாய்தான். அந்தா, மூலையில ஒண்ணு கெடக்குது பாரு. நேத்துதான் அடிச்சது. பார்ட்டி வோணாம்னு வீசிட்டுப் போயிட்டாரு. பேரு இருக்கற எடத்த மட்டும் கிழிச்சிட்டுதான் குடுப்பன். போன தபா ஒருத்தரு கோழிக்கூண்டுக்குப் போட்டுட்டாரு. பேனர்ல இருந்தவரு இங்க வந்து ஒரே சண்ட."

பேர்களை எல்லாம் கிழித்துவிட்டு, மிச்சத்தைச் சுருட்டிக் கொடுத்தார்.

ரூமில் விரித்துப் பார்த்தோம். காது குத்து பேனர். நடுவில் கிரீடம் வைத்த ஒரு குழந்தை. ஒரு பக்கம் கோட்டு சூட்டில் ஏழெட்டு ஆண்கள், கறுப்புக் கண்ணாடி, பின்னால் பனிமலை. எல்லோருக்கும் ஒரே கோட்டு, முகத்தில் ஒரே சிவப்பு. கடைக்காரர் உடம்பை ஒரே தடவை செய்து தலையை மட்டும் மாற்றியிருந்தார். கள்ளக்குறிச்சியில் யாரோ பணக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு பக்கம் குழந்தையின் அப்பா போல ஒருவர் தனியாக நின்றிருந்தார்.

"இவரு தோளு மேல யாரு கை?" என்றாள் ரூம்மேட்.

பார்த்தேன். அந்தத் தனி ஆளின் கோட்டுத் தோளில் ஒரு கை மட்டும் இருந்தது. வளையல் போட்ட கை. கைக்குப் பின்னால் ஆள் இல்லை. மணிக்கட்டோடு முடிந்து, அதற்கப்புறம் பனிமலை.

"பேயிருக்கும்."

"பேயி வளையலு போடுமா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கிழிந்த ஓரத்தை மேலே வைத்துச் சுருட்டிக் கட்டினால் கம்பியில் அழகாக உட்கார்ந்தது. ஆகவே தலைகீழாக மாட்டினோம். படம் வெளியே ரோட்டைப் பார்த்து, வெள்ளை உள்ளே எங்களைப் பார்த்து. சாயங்கால வெளிச்சத்தில் அது சுத்த வெள்ளை. சீரியல் லைட்டை அதன்மேல் வளைத்துவிட்டேன். முட்டை அட்டைகளை எறும்போடு கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். முப்பது பேர் இதயம் போட்டார்கள்.

எங்கள் ஜன்னல் கிழக்கே பார்த்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை அம்மா முதல் பஸ்சிலேயே வந்துவிட்டாள். கையில் ஒரு பை நிறைய முறுக்கு. முறுக்கு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிலை அழுத்திப் பார்த்தாள். ஃபேனைப் போட்டுப் பார்த்தாள். பாத்ரூமை எட்டிப் பார்த்து, "பக்கெட்டு ஒண்ணுதான் இருக்குது?" என்றாள். நான் ரூம்மேட்டைப் பார்த்தேன். அவள், "அவளுது காயுது" என்றாள். பக்கெட் எங்கே காயும்? ஆனாலும் அம்மா தலையாட்டினாள். நான் பாதி ஜெயித்துவிட்டேன்.

அதற்குள் வெயில் ஏறி ஜன்னலுக்கு நேரே வந்தது.

முதலில் பனிமலை தெரிந்தது. அப்புறம் கிரீடம். அப்புறம் வெள்ளை ஸ்கிரீன் முழுக்க, ஒரு சினிமா தொடங்குகிற மாதிரி, ஏழெட்டு சூட்டுக்காரர்கள் தலைகீழாக, இடம் வலம் மாறி, ஜொலித்துக்கொண்டு எழுந்து வந்தார்கள். அம்மா கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். கிட்டத்தட்ட குனிந்தேவிட்டாள்.

"இன்னாடி இது?"

"ஸ்கிரீனும்மா. டிசைனு."

"இது என் தம்பிடி!"

நான் திரும்பிப் பார்த்தேன். தோளில் கையோடு நின்ற அந்தத் தனி ஆள். மாமா எப்போதும் லுங்கியில் கரும்புக் காட்டில் நிற்பார். வெயிலில் கறுத்த முகம், முன் தலையில் முடி கம்மி. கடைக்காரர் வெள்ளையடித்து முடி நட்டு கோட்டு மாட்டியதில் சொந்த மாமாவையும் கிரீடத்துக்குள் இருந்த அவர் குழந்தையையும் எனக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. தலைகீழாக, திருப்பிப் போட்டு, வெயில் வழியாகப் பார்த்தும் அம்மாவுக்குத் தெரிந்தது.

"காது குத்தா? எனக்குச் சொல்லாமயா?" என்று நிமிர்ந்தவள், சட்டென்று நின்றாள். கிட்டே போய் அந்தத் தோளைத் தொட்டாள். "இது என் வளையலு. கொலதெய்வக் கோயில்ல எடுத்த போட்டா. அவங் கூட நான் நின்னுக்கினு இருந்தன். என்ன வெட்டிட்டான்! கைய மட்டும் வுட்டுட்டு ஆள வெட்டிட்டான்!"

வெள்ளிமலைக்காரி என் காதில், "பேயி இல்ல" என்றாள்.

அம்மா அதற்குள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அவளுக்குச் சண்டை என்றால் ஸ்பீக்கர்தான்.

"இன்னாக்கா, காலங்காத்தால?"

"பொண்டாட்டி வூட்டு ஆளுங்க அத்தினி பேருக்கும் கோட்டு மாட்டி நிக்க வெச்சிருக்கியே, கூடப் பொறந்தவளுக்கு எடமில்லையாடா? உன்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்ச கைடா அது. கை மட்டும் போதுமா உனக்கு?"

அந்தப் பக்கமிருந்து மாமா கத்தினார். "யக்கா! அது தப்பா அடிச்ச பேனருக்கா! உன்ன வெட்டிட்டானேன்னுதான் கடையில சண்ட போட்டு, அங்கயே வீசிட்டு வந்தன். வேற அடிக்கச் சொல்லியிருக்கறன். நாளைக்கு வெத்தல பாக்கு வெச்சி அழைக்க நாங்க வரோம். உன்ன வுட்டுட்டு என் புள்ளைக்கு காது குத்துவனா? ஆமா, அத நீ எங்க பாத்த?"

"உன் அக்கா மவ ஹாஸ்டல்ல. ஜன்னலுக்கு மாட்டி வெச்சிருக்கறா."

"ஜன்னலுக்கா? ஏன், கதவில்லையா?"

மாமா நல்லவர். வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் என் டேப், மைதா, சீரியல் லைட் எல்லாம் மண்ணாகப் போனது. அம்மா போனை வைத்துவிட்டு, பேனரின் ஒரு முனையைத் தூக்கினாள். எதிரே டீக்கடை. பெஞ்சில் நாலு பேர். நாலு பேரும் கழுத்தைச் சாய்த்து எங்கள் ஜன்னலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டீ கிளாஸோடு கூப்பிட்டார்: "விசேஷம் என்னிக்கும்மா?"

அம்மா முனையை விட்டாள். என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"தம்பிய ரோட்ட பாத்து தலகீழா நிக்க வெச்சிருக்கியேடி" என்றாள். வெள்ளிமலைக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அவள கூட்டிக்கினு போறதுன்னா போங்க. பேனர மட்டும் வுட்டுட்டுப் போங்க. இதே ஜன்னல்தான் எனக்கும்."

அம்மா அவளை இப்போதுதான் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். "நீ எங்க போவ, மலைக்கா?"

"நான் எங்கியும் போவ முடியாதுங்க."

அம்மா கட்டிலில் ஏறி நின்றாள். முடிச்சை அவிழ்த்தாள். பேனரை நேராகத் திருப்பி, தம்பியின் தலை மேலே வருமாறு, முகம் ரோட்டையே பார்த்திருக்கும்படி, கரும்புக் கட்டு கட்டுகிற இறுக்கத்தில் கம்பியோடு கட்டினாள். "எவன் எட்டிப் பாக்கறான்னு இந்தக் கோட்டுக்காரங்க பாத்துக்கட்டும்" என்றாள். கீழே போய் வார்டனிடம் கதவைப் பற்றிப் பேசினாள். பேசியது மாடி வரைக்கும் கேட்டது. பஸ் ஏறும்போது, "விசேஷம் முடியட்டும், அப்புறம் சொல்றன்" என்றாள். தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது.

காது குத்து நன்றாக நடந்தது. குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. மண்டப வாசலில் புது பேனர். மாமாவுக்குப் பக்கத்தில் அம்மா, கையோடு சேர்த்து முழுசாக, மாமாவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு நிஜமாகவே சொல்லாமல் வந்தாள். கக்கத்தில் எதையோ சுருட்டி வைத்திருந்தாள். ஜன்னல் கதவு இன்னும் வந்திருக்கவில்லை. அதைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை. நேராகக் கட்டிலில் ஏறி, மாமா பேனருக்கு முதுகு ஒட்டினாற்போல் புது பேனரைக் கட்டினாள். இதில் முகம் உள்ளே.

"நீ இங்கியே இருடி. பஸ்சுல இன்னாத்துக்கு அலையணும்? நான்தான் இருக்கறனே" என்றாள்.

இப்போது மாமா டீக்கடையைப் பார்க்கிறார், அம்மா எங்களைப் பார்க்கிறாள். நான் போன் பார்த்தால் பார்க்கிறாள். படித்தால் பார்க்கிறாள். ரூமில் எந்தப் பக்கம் நின்று செல்ஃபி எடுத்தாலும் ஓரத்தில் அம்மா இருக்கிறாள், பின்னால் பனிமலையோடு. சீரியல் லைட்டை வேறு எங்கும் ஒட்ட முடியாததால் அதையும் அவளைச் சுற்றித்தான் விட்டிருக்கிறேன். பக்கத்து ரூம் பெண்கள் உள்ளே வந்தால் முதலில் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

வெள்ளிமலைக்காரி தினமும் சுவிட்சில் கை வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்கிறாள்:

"அம்மா, லைட்ட அணைக்கட்டுங்களா?"