ரெண்டு போனுக்கு ஒரே ஐடி

புதுசு என்றாலே எனக்கு ஆகாது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சுத்தப் பொய். எலப்புள்ளியில் எங்கள் பக்கத்தில் மிதி மெஷினை விட்டு மோட்டார் மெஷினுக்கு முதலில் மாறியவள் நான்தான். கால் இரண்டும் சும்மா கிடக்கின்றனவே என்று முதல் வாரம் கொஞ்சம் தடுமாறினேன், அவ்வளவுதான். அந்த ஒரு போனுக்குத்தான் எட்டு மாதம் மாட்டவே மாட்டேன் என்று நின்றேன். ஏன் நின்றேன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ரொம்ப நன்றாகவே தெரிகிறது.

நான் பெண்களுக்கு மட்டும் தைக்கிறவள். வீட்டு முன்னறைதான் கடை. ஒரு மூலையில் திரைச்சீலை போட்டு அதற்குள் அளவெடுப்பேன். அளக்கும்போது இரண்டு கையும் டேப்பில் இருக்கும், நோட்டில் எழுத மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஆரம்பத்தில் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் டேப்பை விட்டு விட்டு எழுதினேன். பாதி அளவு தப்பாகப் போகும். பிறகு போன் வந்தது. ரெக்கார்டிங்கைத் தட்டி மெஷின் மேல் வைத்துவிட்டு, "பால்காரர் ஊட்டு அக்கா, தோள் பதினாலு, மார்பு முப்பத்தெட்டு, கை ஒம்பது" என்று வாயால் சொல்லிக்கொண்டே அளப்பேன். துணி வெட்டும்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ஓடவிட்டுக் கேட்பேன். நாலு வருடமாக இதுதான் என் பழக்கம்.

அளவு கொடுக்க நிற்கிற பெண்கள் சும்மா நிற்பார்களா? கையைத் தூக்குங்க, மூச்சை விடுங்க என்று நான் சொல்லச் சொல்ல, மனசில் கிடப்பதெல்லாம் வெளியே வரும். புருஷன் குடிப்பது, மார்பில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுவது, மகள் யாரோடோ பேசுவது. எல்லாம் அளவோடு சேர்ந்து போனில் விழும். கேட்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இங்கே பேசுவது இந்தத் திரைச்சீலையைத் தாண்டாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவர்களும் நம்பினார்கள். என் தையல் அப்படியொன்றும் உலகத்தில் இல்லாத தையல் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பாலக்காடு டவுனுக்குப் போகாமல் என்னிடம் வந்தார்கள்.

என் கொழுந்தன் துபாயிலிருந்து இரண்டு போன் கொண்டுவந்தது அப்போதுதான். நாங்கள் வைத்திருந்த வகை இல்லை, உள்ளே ஓடுகிற சிஸ்டமே வேறு. வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே சூப்பர்வைசர்மார் எல்லோர் கையிலும் அந்த வகைதானாம், அதனால் இவர் ஒரே நாளில் மாறிவிட்டார். நான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்னால் போக அடியில் பட்டன் இல்லை, ஓரத்திலிருந்து தள்ள வேண்டுமாம். பழைய போனில் ரெக்கார்டிங் முதல் பக்கத்தில் இடது கீழ் மூலையில் இருக்கும், பார்க்காமலே முழங்கையால் தட்டுவேன். இதில் எது எங்கே இருக்கிறது என்று தேடவே அரை நாள் போகும்.

"ஆறு மாடல் கழுத்து வெட்டறவளுக்கு ஒரு போனு பழக முடியாதா?" என்று சிரித்தார்.

பழகுவது பெரிய விஷயம் இல்லை, அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லையே என்று சொன்னேன். போன் என்ன செய்யும், சொன்னதைச் செய்யும் என்று ஒரே போடாகப் போட்டார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் என் பயத்தைச் சொல்லிச் சிரிப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

எட்டு மாதம் இப்படி ஓடிய பிறகு பழைய போனின் சார்ஜ் பின் லூசானது. டவுனுக்குப் போகிறவர் கையில் கொடுத்து, சரி பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றேன். மாலையில் வந்தார். கையில் நான் திருப்பிக் கொடுத்த அந்தத் துபாய் போன் மட்டும்தான் இருந்தது. பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இதற்கு ஒரு கவரும் திரைக்குக் கண்ணாடியும் போட்டுக் கொடுத்தாராம். எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன், பயப்படாதே என்று என்னைத் தேற்ற வேறு செய்தார். நம்பர்கள் வந்திருந்தன, போட்டோக்கள் வந்திருந்தன. ரெக்கார்டிங் ஒன்றுகூட வரவில்லை. என் நாலு வருடத்துக்கு ஒரு ரப்பர் கவரா? இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கவில்லை. மூன்றாவது நாள் அவரே ஓரத்தில் தள்ளுவதும் ரெக்கார்டிங் எடுப்பதும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எனக்கும் கோபம் இறங்கிவிட்டது. இறங்கியிருக்கக் கூடாது.

ஓணம் நெருங்கிய சமயம். வாடிக்கைக்காரிகள் அறுபது பேரையும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, அளவெல்லாம் போய்விட்டது, இன்னொரு தரம் வாருங்கள் என்று கெஞ்சினேன். வந்தார்கள். கேலி பண்ணிக்கொண்டே நின்றார்கள், கையைத் தூக்கினார்கள், எப்போதும்போல மனசைக் கொட்டினார்கள். எல்லாம் புதுப் போனில் ஏறியது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவருடைய கம்பெனி ஆட்களின் நம்பரெல்லாம் என் போனில் கிடந்தன. பால்காரர் வீட்டு அக்காவைத் தேடினால் லாரி டிரைவர் வருகிறார். கேட்டேன்.

"ரெண்டு போனுக்கும் என்ற மெயில் ஐடியத்தான் போட்டிருக்கறேன். ஒரு ஊட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு மாதிரி. உனக்குத் தனியா ஒண்ணு வெச்சா பாஸ்வேர்ட மறந்துட்டு நிப்பே."

என் மேல் அக்கறையில் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்படித்தான், மகனோ புருஷனோ ஒரு ஐடியைப் போட்டுத் தருவார்கள், பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். அவருடைய ஆட்கள் என் போனுக்கு வந்தால் என்னுடையவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. துணியில் கால் இஞ்ச் பிசகினால் கண்டுபிடிக்கிறவள், இதில் கோட்டை விட்டேன்.

மேற்கு வீட்டுப் பெண் வந்தது அந்த மாதத்தில்தான். கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு தடவை கரு தங்காமல் போனது ஊருக்கே தெரியும். அந்த இரண்டு தடவையும் சேதி கேட்டு வந்து, பிறகு துக்கம் கேட்கவும் வந்த கூட்டத்தை நானே பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருத்தி. ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது, பிரித்துவிட வேண்டும் என்று மதியத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். டேப்பைச் சுற்றினேன், இரண்டு இஞ்ச் கூடியிருந்தது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மூணு மாசமுங்க்கா. மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லலீங்க்கா. அஞ்சு முடியட்டும்னு இருக்கறேன். நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுமுங்க்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் கை வேர்த்திருந்தது. என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்ல மாட்டேன் என்றேன். சத்தியமாகச் சொல்லவும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால்கூட வாய்விட்டு வேண்டவில்லை. போன் மட்டும் மெஷின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, நல்ல மனசோடுதான் சொன்னார்: "மேக்கால ஊட்டுப் புள்ளைக்கு இந்தத் தடவையாவது நல்லபடியா நிக்கோணும்."

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நீதான் சொன்னாய் என்றார். யாருக்குக் காது குத்துகிறார்? நான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா? அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, தன் போனை எடுத்துத் திறந்து காட்டினார்.

என் ரெக்கார்டிங் எல்லாம் அதில் இருந்தது. பால்காரர் வீட்டு அக்கா, அங்கன்வாடி டீச்சர், ரேஷன் கடைக்காரர் மனைவி, அறுபது பேரும் என் போனில் இருக்கிற அதே வரிசையில். நான் இங்கே நிறுத்துகிற பட்டனை அமுக்கியதும் அது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஐடி என்றால் அப்படித்தானாம். நான் எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மொதல் நாள்ல இருந்தே வருது. சாப்பாட்டு நேரத்துல பொழுது போகோணும்ல. உன்ற கொரலக் கேக்கலாம்னுதான் போட்டேன்."

என் குரலைக் கேட்கவாம்! முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிற குரல் போதாதா? அறுபது பெண்களின் தோளும் மார்பும் இடுப்பும், அவர்கள் அழுததும், கம்பெனிச் சாப்பாட்டு அறையில் இவருடைய தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளவா? வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்ததையும் இவர் காதால் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு மத்தியான வேலைக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்து நான் போட்ட காப்பியைக் குடித்திருக்கிறார். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ஒளிவு மறைவு என்று கேட்டார். அவை எனக்கு உரியவை இல்லையே, அவர்களுடையவை அல்லவா என்று சொன்னேன். அது அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

அத்தோடு நிற்கவில்லை. பாவம் பார்த்து, கோயிலில் ஒரு விளக்குப் போடட்டும் என்று தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். என் நாத்தனார் வாயில் ஒன்று விழுந்தால் எலப்புள்ளி முழுக்க ஒலிபெருக்கி வைத்த மாதிரி. அந்த வாரமே மேற்கு வீட்டு மாமியார் காதுக்குப் போய், எங்களிடம் மறைத்துவிட்டுத் தையல்காரியிடம் சொன்னாயா என்று அந்தப் பெண்ணை உலுக்கியிருக்கிறார்கள். பிறகு ஊர் வந்தது. வாழ்த்துச் சொல்ல வருகிறேன் என்று பழையபடி அதே கூட்டம்.

நான் ஓடினேன். வாசலிலேயே நின்று ஐடி, ரெக்கார்டிங், சிஸ்டம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் உளறினேன். நான் சொல்லவில்லை கண்ணு, போன்தான் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அது உங்க போனுதானுங்க்கா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்கதானுங்க்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து எல்லா ரெக்கார்டிங்கையும் அழித்தேன். என்னுடையதில் அழித்தால் அவருடையதிலும் அழியும் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். அறுபது பேரின் அளவும் இரண்டாவது தடவையாகப் போயிற்று. இந்தத் தடவை என் கையால். நாலு நாள் கழித்து, எனக்குத் தனி ஐடி போட்டுத் தருகிறேன் என்று அவர் வந்தார். வேண்டாம் என்றேன். இப்போது எனக்கு எந்தப் போனும் ஒன்றுதான். பல்லில் பென்சில் திரும்பி வந்துவிட்டது.

பழைய போனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்களைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு இப்போது சுருக்கென்று கோபம் வருகிறது. பட்டன் எங்கே இருக்கிறது என்பதை நாலு நாளில் பழகிவிடலாம். பழைய போன் யாரிடம் பேசும், யாரிடம் பேசாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. புதியதில் அது தெரிந்தது எனக்கில்லை, அதைப் போட்டுக் கொடுத்தவருக்கு. எட்டு மாதம் நான் மாட்டேன் என்று நின்றது அதற்குத்தான், சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன வாரம் மேற்கு வீட்டுப் பெண் கடைக்கு வந்தாள். மாமியார்தான் அனுப்பியிருக்க வேண்டும். ஏழாம் மாதம், வளைகாப்புப் புடவைக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும். வயிறு நன்றாகத் தெரிந்தது, முகமும் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. போனை உள்ளே கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு திரைச்சீலையை விலக்கினேன்.

அவள் திரைச்சீலைப் பக்கம் வரவில்லை. பையிலிருந்து துணியையும் ஒரு அளவு ஜாக்கெட்டையும் எடுத்து மெஷின் மேல் வைத்தாள். அந்த ஜாக்கெட்டை எனக்குத் தெரியும், அவள் கல்யாணத்துக்கு நானே தைத்தது. எட்டு வருடத்துக்கு முந்தின இடுப்பு, எட்டு வருடத்துக்கு முந்தின மார்பு.

இது எப்படிக் கண்ணு சேரும், மூச்சுவிட முடியாதே, ஒரே நிமிடம் அளந்துவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க்கா. இதவெச்சே தைங்க. புடிச்சாலும் பரவால்லீங்க்கா."