உரித்தெடுத்த பெயர்

டேட்டன் நகரில் என் பக்கத்து வீட்டு லாயிட், போர்க்காலப் படப் பத்திரிகைகள் சேர்ப்பவர். காபிக் கோப்பையோடு போனால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அட்டையில் சந்தாதாரரின் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் அவருக்கு ஆகாது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயைத் தடவி, சுவடே தெரியாமல் உரித்துவிடுவார்.

அவருடைய அண்ணன் வெண்டெல் போரில் இறந்த பிறகும், கட்டிய சந்தா தீரும்வரை அண்ணன் பெயருக்கே வீட்டுக்குப் பத்திரிகை வந்துகொண்டிருந்ததாம். ஒரு ஞாயிறன்று லாயிடின் அக்கா மாக்ஸின் அந்த இதழ்களைக் கேட்டு வந்தார்.

"அம்மா அந்தப் பேரைத் தடவிட்டே உக்காந்திருப்பாடா. ஒரு தடவை பாக்கணும்."

லாயிட் பெட்டியைத் திறந்தார். எல்லா அட்டைகளும் புதிதாகப் பளபளத்தன.

"இதுல எது நம்ம வீட்டுக்கு வந்தது?"

"தெரியலக்கா."

"ஊரான் பேரை உரிச்ச, சரி. அண்ணன் பேரையுமா?"

லாயிட் பெட்டியை மூடினார்.

"நான் கை பழகினதே நம்ம வீட்டுப் பிரதியிலதான்க்கா."