மணல் பக்கம், சுவர் பக்கம்

பரமக்குடியிலிருந்து வரும் காலைப் பேருந்து மண்டபத்தில் நின்றதும் நடத்துநர் என்னைத் தேடி இறங்கி வந்தார். "பாய், நயினார்கோவில் கணக்கு சார் போயிட்டாக. நேத்து சாயங்காலம். வீட்ல உங்ககிட்டச் சொல்லிறச் சொன்னாக" என்றார். வாய் தானாக 'இன்னா லில்லாஹி' என்றது. கையிலிருந்த மீன் அளக்கும் பலகையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அதே பேருந்து திரும்பும்போது ஏறி உட்கார்ந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் பந்தல் மட்டும் இருந்தது.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு நாகலிங்கம் சாரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் மீன் அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளராக இருந்தவர். நயினார்கோவிலில் விவசாயக் குடும்பம். சுதந்திரம் வந்த மறுவருஷம் மண்டபத்துக்கு வேலைக்கு வந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றுப் போனார். நான் கரையில் நின்று எழுதிக் கொடுப்பேன், அவர் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். பதினைந்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

அவரைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்லிச் சிரிக்கும் செய்தி, மீன் அலுவலகத்து மனிதருக்கு மீன் வாடை ஆகாது என்பது. கருவாடு என்றால் கேட்கவே வேண்டாம். காற்று கரையிலிருந்து வீசினால் ஜன்னலைச் சாத்திவிடுவார். "சார், உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, மாவு விக்கப் போனா காத்தடிக்குதுன்னு ஆச்சே உங்க கதை" என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே, "நீங்க மோந்து எழுதுங்க பாய், நான் மோக்காம கூட்டுறேன்" என்பார். அந்த வார்த்தை பின்னால் அவரையே எவ்வளவு வருத்தப்போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அவர் வந்த புதிதில் நடந்தது இது. செவ்வாய்க்கிழமை ரயில் தாமதமாகத்தான் வரும் என்று எங்கள் அலுவலகச் சேவகர் அடித்துப் பேசினார். சார் மறுத்துப் பேசவில்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் ரயில் வந்த நேரத்தைக் குறித்தார். பிறகு நாலு கட்டம் போட்டார். செவ்வாய், மற்ற நாள். தாமதம், சரியான நேரம். கிழமைக்கும் தாமதத்துக்கும் உறவே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு விழ வேண்டும் என்று முதலில் கணக்கிட்டார். விழுந்ததற்கும் விழ வேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, விழ வேண்டியதால் வகுத்து, நாலையும் கூட்டினார். "இதுக்குப் பேரு கை-ஸ்கொயர். இது சின்னதா இருந்தா எல்லாம் தற்செயல். பெருசா இருந்தா, ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றார். சின்னதாகத்தான் வந்தது. சேவகர் கடைசி வரை நம்பவில்லை, அது வேறு விஷயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு மனிதர் தன் சந்தேகத்துக்கு அளவு வைத்துப் பார்ப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அன்றைக்கு உண்டான வியப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

இனி, நான் எழுத வந்த செய்திக்கு வருகிறேன்.

மண்டபத்துக் கரையில் அரசாங்கத்தின் மீன் உப்பிடும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே வைத்து மீனுக்கு உப்பிட்டால் உப்பு மலிவாகக் கிடைக்கும். மேலவாடி, கீழவாடி என்ற இரண்டு குடியிருப்புப் பெண்களும் அதை நம்பித்தான் இருந்தார்கள். அந்த உப்பு இல்லையென்றால் மிஞ்சிய மீனை மணலில் புதைக்க வேண்டியதுதான். ஒரு வருஷம் கொழும்புக்குப் போன கருவாட்டுக் கட்டுகள் நிறம் மாறித் திரும்பி வந்தன. கீழவாடிப் பெண்களுக்குச் சுத்தமில்லை, அவர்கள் கைப்பட்ட மீன்தான் கெடுகிறது என்று பேச்சுக் கிளம்பியது. எங்கள் அதிகாரி, இரண்டு குடியிருப்பையும் ஒப்பிட்டு அறிக்கை கொடுக்கும்படி சாரிடம் சொன்னார்.

நான் கொட்டகையில் நின்று குடியிருப்புக்கு நூறு கட்டு வீதம் எழுதினேன். ஏட்டில் ஒவ்வொரு கட்டின் எண்ணுக்கும் நேரே, யாருடையது, தேறியதா கழிந்ததா என்று கோடு கிழித்து இரண்டே பத்தி. மேலவாடியில் பதின்மூன்று கழிந்தது. கீழவாடியில் முப்பத்தொன்று. சார் நாலு கட்டம் போட்டார். ஒன்பதரைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நாலுக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. இந்த வித்தியாசம் தற்செயல் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்தே நாளில், கீழவாடிப் பெண்கள் மாதக் கடைசியோடு கொட்டகையை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மறுநாள் கீழவாடி செபஸ்தியம்மாள் அலுவலக வாசலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்தக் குடியிருப்புப் பெண்களுக்கு அவர் சொல்தான் சொல். கத்தவில்லை, அழவில்லை. "அதே கடலு, அதே உப்பு. எங்க கைதான் கெட்ட கையின்னு எழுதினவுக, ஒருநா இங்கன வந்து எங்க பக்கத்துல நின்னு பாத்தாகளா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் கேட்டார். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. சார் எழுந்து வெளியே வந்தார். "இல்லம்மா, பாக்கல. நாளைக்கு வாரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். இரண்டு முறை வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மத்தியானம் வரை உட்காரவே இல்லை. கீழவாடிப் பெண்கள் கூடைகளோடு வந்து, கடல் பக்கத்துச் சுவரோரமாகப் பாய் விரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது கடற்பாறைக் கல்லால் கட்டிய சுவர். தொட்டால் கை நனையும்.

"பாய், இவங்க ஏன் இந்தச் சுவரோரமே விரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

நான் சாவகாசமாகச் சொன்னேன். "இவுகளுக்குக் கரைவலைதான சார். இழுத்து வலை மடி கரையேற மத்தியானம் ஆயிரும். மேலவாடிக்காரவுக வள்ளம் விடியல்லயே வந்துரும். முந்தி வந்தவுக காஞ்ச மணல் பக்கம் புடிச்சுருவாக. வலை சீக்கிரம் ஏறுற நாளு இவுகளுக்கும் அங்கன இடம் கெடைக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

அவர் துண்டை அவிழ்த்தார். "எனக்குத் தெரியாதே பாய்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என்னைக் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லாருக்கும் தெரிந்தது என்பதாலேயே நான் அதை எழுதவில்லை. கடலிலிருந்து எடுத்த மீன் நனைந்திருந்தது என்று யாராவது எழுதுவார்களா? அப்படித்தான் எனக்குத் தோன்றியிருந்தது. அந்த ஒரு பத்தி இல்லாமல் போனதால் அறுபது குடும்பத்து அடுப்பு அணைய இருந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நல்லவேளை, கொட்டகைக் காவலாளி ஒவ்வொரு கட்டிலும் கட்டின் எண்ணையும் இடத்தின் எண்ணையும் பனையோலைத் துண்டில் எழுதிக் கட்டுவார். கட்டு போன பிறகு துண்டுகளைக் கயிற்றில் கோத்து மாட்டி வைப்பது அவர் பழக்கம். இருநூறு துண்டுகளையும் இறக்கி, என் ஏட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். மேலவாடிக் கட்டுகளில் தொண்ணூறு மணல் பக்கம், பத்து சுவர் பக்கம். கீழவாடியில் முப்பதுதான் மணல் பக்கம், எழுபது சுவர் பக்கம். மணல் பக்கத்தில் யார் கட்டானாலும் பத்துக்கு ஒன்று கழிந்திருந்தது. சுவர் பக்கத்தில் யார் கட்டானாலும் பத்துக்கு நாலு. எழுதி முடித்த தாளை நான் மறுபடியும் ஒரு முறை கூட்டிப் பார்த்தேன். அதே இருநூறு கட்டு, அதே நாற்பத்து நாலு கழிவு. ஒரு கோட்டை வேறு இடத்தில் போட்டதும் அந்தப் பெண்கள் மேலிருந்த பழி அப்படியே விலகிவிட்டது. சாருக்கு மகிழ்ச்சி இல்லை. "கணக்கு தப்பில்ல பாய். பிரிச்சதுதான் தப்பு. கையெழுத்து என்னோடது" என்றார்.

அதிகாரி இதை ஏற்கவில்லை. போன மாதம் ஒன்று சொன்னீர், இந்த மாதம் ஒன்று சொல்கிறீர், தாளை மடிக்கிற மடிப்புக்கு ஒரு விடை வருமா என்று கேட்டார். கையெழுத்திட்ட அறிக்கையைத் திரும்பப் பெற்றால் அது பணிப் பதிவேட்டில் ஏறும் என்றும் எச்சரித்தார். அப்போது சாருக்குப் பதவி உயர்வு வரும் நேரம். அதிகாரியையும் குறை சொல்ல முடியாது, அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். சார் அதற்குப் பதில் சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டார்.

அந்த வாரம் இரண்டு குடியிருப்பு மீனையும் மணல் பக்கத்திலேயே காய வைக்கச் சொன்னார். மேலவாடிப் பெண்கள் முணுமுணுத்தாலும் இடம் விட்டார்கள். குடியிருப்புக்குப் பத்துக் கட்டு. அடையாளம் தெரியாமல் ஒரே மாதிரி ஓலையில் பொதிந்து, கலைத்து அடுக்கினோம். தரம் பார்க்கப் பரமக்குடிச் சந்தைக் கருவாட்டு வியாபாரி முத்துராக்கு அம்மாவை அழைத்து வந்தோம். மோந்து பார்த்தே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லக்கூடியவர். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று அதிகாரி கேட்டதும் அந்த அம்மா கையை உதறிவிட்டார். "எனக்கு மார்க்குப் போடத் தெரியாதுங்கய்யா. எது ஒசத்தி, எது மட்டம்னு கேளுங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வச்சுத் தாரேன்."

சாரின் முகத்தில் அன்று கண்ட வெளிச்சத்தை நான் பிறகு பார்த்ததில்லை. "அது போதும்மா. அதுக்கு மேல எனக்கும் வேண்டாம்" என்றார்.

அளக்க முடியாததை வரிசைப்படுத்தி ஒப்பிடும் முறை ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. சென்னையிலிருந்து ஒரு நண்பர் கையால் நகலெடுத்து அனுப்பிய நாலு தாள் சாரிடம் இருந்தது. முத்துராக்கு அம்மா இருபது கட்டையும் முகர்ந்து, ஒடித்து, விரலால் தேய்த்து, முதலிலிருந்து கடைசி வரை நீளமாக வைத்தார். ஒன்று முதல் இருபது வரை எண் போட்டோம். பிறகு பொதியைப் பிரித்து எது யாருடையது என்று பார்த்தோம். எல்லா எண்ணும் சேர்ந்தால் இருநூற்றுப் பத்து. இரண்டு குடியிருப்பும் சமம் என்றால் ஒவ்வொன்றுக்கும் நூற்றைந்தை ஒட்டி வர வேண்டும். கீழவாடிக்கு நூற்று மூன்று, மேலவாடிக்கு நூற்றேழு.

படிக்கத் தெரியாத ஒரு வியாபாரியின் மூக்கும், எங்கோ யாரோ எழுதிய நாலு தாளும், கருவாட்டு வாடை ஆகாத ஒரு மனிதரின் பிடிவாதமும் சேர்ந்து ஒரு நியாயத்தைக் கொண்டுவந்து நிறுத்தின. நான் தொழுகையில் நிற்கும்போது உணர்வது போன்ற ஒன்றை அங்கே உணர்ந்தேன். மிகையாகச் சொல்லவில்லை.

அன்றே சார் கடிதம் எழுதினார். அதன் முதல் வரி எனக்கு மனப்பாடம். 'என் முந்தைய அறிக்கை, நான் பார்க்க வேண்டியதைப் பாராமல் எழுதியது; பிழை என்னுடையது.' பத்தியை விட்டவன் நான். என் பெயரையும் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். "நீங்க எழுதாதத நான் கேட்டிருக்கணும் பாய். கேக்குறதுக்குத்தான் எனக்கு நாற்காலி போட்டிருக்காக" என்று சொல்லிவிட்டார். உத்தரவு ரத்தானது. பதிவேட்டிலும் ஏறியது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெற்றார். அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை அவர் பேசிக் கேட்டதில்லை.

கொட்டகையில் ஒரு புதிய ஏற்பாட்டையும் அவர்தான் சொல்லிப் போனார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலவாடியும் கீழவாடியும் பக்கம் மாற வேண்டும். யார் முந்தி வந்தாலும் அந்த வாரத்து இடம் அந்த வாரத்துக்கு உரியவர்களுடையது. அதற்குப் பெண்கள் 'சார் மாத்து' என்று பேர் வைத்தார்கள்.

நான் நயினார்கோவிலிலிருந்து திரும்பிய மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல் ஏட்டோடு கொட்டகைக்குப் போனேன். இந்த வாரம் கீழவாடி மணல் பக்கம் வர வேண்டிய வாரம். சேதி இரண்டு குடியிருப்புப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. செபஸ்தியம்மாளுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. அவர் தன் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய், சுவரோரத்திலேயே மறுபடியும் விரித்தார். நான் பதறிப்போய், இது உங்க வாரமில்லையா என்று கேட்டேன்.

"எங்க வாரந்தான். இன்னைக்கு ஒருநா இங்கன இருக்கோம். சார் வந்து நின்ன எடம் இது" என்றார்.

மேலவாடிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தங்கள் பாய்களைத் தூக்கிக்கொண்டு சுவர் பக்கமே வந்து, இடம் பற்றாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். காய்ந்த மணல் பக்கம் முழுவதும் அன்று காலியாகக் கிடந்தது. நான் ஏட்டைத் திறந்து தேதி எழுதினேன். குடியிருப்பின் பெயர் எழுதினேன். சார் கேட்காமலே மூன்றாவது பத்தியில் இடத்தையும் எழுதினேன்: எல்லாரும் சுவர் பக்கம்.

போய் வாருங்கள் சார். விட்ட பத்தியை இப்போது விடுவதில்லை.