தொட்டிலில் முதலில் ஏறியவன்

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. மனைவி செல்விக்கு மாதம் நிறைந்திருந்த சமயம், தொட்டில் கட்ட விட்டத்தில் கொக்கி அடித்தேன்.

"பிள்ள பொறக்கதுக்கு முந்தி கட்டக்கூடாதுங்க" என்றாள், கீழே பாயில் படுத்திருந்தவள்.

"தாங்குமான்னு பாக்காண்டாமா?" என்று சேலையைக் கட்டி, என் எழுபது கிலோவையும் அதில் உட்காரவைத்தேன். கொக்கி பிடுங்கிக்கொண்டது. அவள் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தேன்.

சிறிது நேரத்தில் செல்வி அழத் தொடங்கினாள். "அசைவே தெரியலங்க."

டாக்சியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். "பச்சா டீக் ஹை" என்றார். குழந்தைக்கு ஒன்றுமில்லை.

"அப்பா விழுந்த அழகுல மலைச்சுக் கெடந்திருக்கும்" என்றாள் செல்வி.

மகள் பிறந்தபின் வேறு கொக்கி அடித்து, செல்வியை வாசலில் நிறுத்திவிட்டு, முதலில் அரிசி மூட்டையைத் தாலாட்டினேன். இன்றும் கொக்கியை இழுத்துப் பார்த்த பிறகே மகளைக் கிடத்துகிறேன்.