பிரபு தொடாத கிழங்கு

ஜின்கள் உண்டு என்பது எங்கள் ஈமானில் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் யாராவது வந்து நான் கண்டேன், என் முன்னால் நடந்தது என்று தொடங்கினால், எந்தத் திகதி, எத்தனை மணி, கூட இருந்தவர் யார் என்று கேட்டு அந்தக் கதையை அங்கேயே முடித்துவைக்கிற ஆள் நான். கல்முனையில் எந்த வருடம் எந்த வெள்ளம் வந்தது, எந்தக் கடைத்தெரு எப்போது அகலமானது என்று முப்பது வருடமாகக் குறித்து வைத்திருக்கிறேன். என்னிடமும் நீங்கள் அப்படிக் கேட்கலாம். திகதியை மட்டும் சொல்லமாட்டேன், சொன்னால் என் மச்சானின் நாவல் எதுவென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். புதன்கிழமை, லுஹர் தொழுதுவிட்டு வந்த பிறகு, நல்ல வெயில்.

மச்சான், பரீத் என்று வைத்துக்கொள்ளுங்கள், என் தங்கையின் கணவர். ஜப்பானில் பதினொரு வருடம், பழைய வாகனங்களைக் கப்பலேற்றும் இடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்த நாட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் கலக்கிய ஒரு போர்ப்பிரபுவை வைத்து நாவல் எழுதினார். கொடியவன் என்று வரலாற்றில் பெயரெடுத்த ஆளை, தன் ஆட்களில் எவன் காட்டிக்கொடுப்பான் என்று முகம் முகமாகத் தேடுகிற, தனியாகச் சாப்பிடப் பயப்படுகிற மனிதனாக மாற்றியிருந்தார். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருடக் குறிப்புகளை வைத்துக்கொண்டு நான் ஒரு சிறு புத்தகமும் போடவில்லை, இவர் இரண்டே வருடத்தில் நானூறு பக்கம். பள்ளிவாசலில் சலாம் சொல்கிறவர்கள்கூட "மச்சான்ட புத்தகம் எப்ப வருது?" என்று என்னிடமே கேட்டார்கள்.

அச்சுக்குப் போகுமுன் காலப்பிழை பார்க்கச் சொல்லிப் பிரதியை என்னிடம் தந்தார். "நீங்க பார்த்தா ஒண்டும் தப்பாது மச்சான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நூற்று நாற்பதாம் பக்கத்தில் பிழை கிடைத்தது. யுத்தத்துக்குப் புறப்படுமுன் பிரபு அவித்த வற்றாளங்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்று சொல்வார்களே, அதைச் சாப்பிடுகிறார், எங்கள் வீடுகளில் காலையில் சாப்பிடுவதுபோல. அந்தக் கிழங்கு அமெரிக்கக் கண்டத்துப் பொருள். அந்த மனிதர் இறந்த பிறகுதான் ஜப்பானுக்கு வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். வெளியீட்டு விழாவில் படித்தவர் ஒருவர் எழும்பி இதைக் கேட்டால் மச்சானின் முகம் எப்படிப் போகும் என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். அந்தப் பென்சில் கோட்டை அழித்துவிட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன், அதையும் மறைக்கவில்லை.

புதன்கிழமை மிச்சத்தை வாசித்துக்கொண்டு போனபோது அந்த அத்தியாயம் வந்தது. யுத்தம் முடிந்து, வெட்டிய தலைகளைக் கழுவி, முடி சீவி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டுக் கட்டிப் பிரபுவின் முன் வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே அது வழக்கம். பக்கத்தில், பெயர்களைப் பதிகிற எழுத்தர். பிரபு தலைகளைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கிழங்கை எழுத்தரின் பக்கம் தள்ளி, "இதை நான் தின்றதே இல்லை. உனக்குத் தெரியும்" என்கிறார்.

நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வேண்டுமென்றே பிழையை வைத்து மச்சான் என்னைச் சோதித்திருக்கிறார் என்று நினைத்தேன். அதைவிட, அந்த அத்தியாயம் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது, இப்படியும் இவருக்கு எழுத வருமா என்று வயிறு எரிந்தது. சாட்சிக்காக அந்தப் பத்தியை அப்படியே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்து, அஸர் தொழுகைக்கு முன்பே அவர் வீட்டில் நின்றேன்.

"என்னைச் சோதிக்கவா மச்சான் இந்தக் கிழங்க வெச்சீங்க?"

"எந்தக் கிழங்கு?"

பக்கத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். "அந்த நாளையில அது அங்க இல்லயா? தொட்டுத் தின்னத் துருவின தேங்காய்ப்பூவும் எழுதித்தான் வெச்சிருந்தன் மச்சான். அத வெட்டினன், கிழங்கு நிண்டுட்டு."

உள்ளேயிருந்து தங்கை தன் அண்ணனான என்னிடம், "காக்கா, செத்துப்போன மனிசன் என்னத்தத் திண்டா உங்களுக்கென்ன? தேத்தண்ணி ஊத்துறன், ரெண்டு பேரும் கதைச்சி ஆற வெச்சிராதீங்க" என்றாள்.

"அப்ப தலை கழுவுற அத்தியாயம்?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்டு நான் எழுதல்லயே."

பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். இலக்கம் எங்கும் விடுபடவில்லை. அத்தியாயமும் இல்லை. என் குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன். சத்தமாக வாசித்தார். "உனக்குத் தெரியும்" என்பதோடு முடிந்தது, அதற்குக் கீழே வெறும் தாள். அவர் அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்கட எழுத்து மச்சான்" என்றார் மெதுவாக. "எனக்கு இப்படி வராது. ஒளிச்சி வெச்சிருக்கீங்க." அவர் முகத்தில் அப்போது இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது, முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்துப் பழகியதுதான்.

பிறகு கேட்டார், "கிழங்க எப்ப கண்டீங்க?"

"இண்டைக்குத்தான்."

"நல்ல வேளை. நாளைக்கு அச்சுக்குப் போகுது."

பிரபு இப்போது அந்தப் பக்கத்தில் சோறு சாப்பிடுகிறார். விழாவில் எவரும் எழும்பவில்லை. கண்ட பிழையை மறைக்காத மைத்துனருக்கு நன்றி என்று முன்னுரையில் எழுதியிருந்தார், அதை மேடையிலும் வாசித்தார்கள், சபை கைதட்டியது. எனக்கு அப்போதும் பொறாமைதான்.

வீட்டுக்கு வந்து, விழாவைப் பதிவதற்காகக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். "உனக்குத் தெரியும்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. என் கையெழுத்து, அதே நீல மை: "எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு, பாதியை மட்டும் சொன்னார்."

நான் எழுதவில்லை. அந்த இடம் வெறும் தாளாக இருந்ததைக் கண்ட ஒரே ஆள் மச்சான்தான். அவரிடம் காட்டினால், மற்றப் பாதி என்ன என்று கேட்பார், நான் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இன்று வரை காட்டவில்லை. அந்தத் தாளில் கீழே இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது, வேறு எதையாவது எழுதி அதை நிரப்பவும் எனக்குத் துணிவு வரவில்லை.