சவேரியம்மா வாய் திறக்காத பெரிய வெள்ளி

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு முழு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள்? தூங்கியதைச் சொல்லாதீர்கள், அது செல்லாது. காய்ச்சலில் கிடந்ததும் செல்லாது. நல்ல புத்தியோடு, நாக்கு நன்றாக இருக்கும்போது, எதிரில் ஒருவன் நின்று கேள்வி கேட்கும்போது, பதில் சொல்லாவிட்டால் பிழைப்பே போய்விடும் என்று தெரிந்தும் மூடிக்கொண்டு இருந்ததுண்டா? என்னால் ஆகாது. நான் பல் விளக்கும்போதே பேசுகிறவன்.

மலாக்காவில் என் மாடி அறைக்குக் கீழே இப்போதுதான் ஒருவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனார். டக், டக், டக். கிறிஸ்தவர்களின் பெரிய வெள்ளி. வியாழக்கிழமைப் பூசையோடு கோயில் மணியின் வாயைக் கட்டிவிடுவார்கள், சனிக்கிழமைக் காலைப் பூசையில்தான் அவிழ்ப்பார்கள். அதுவரை மணிக்குப் பதில் இந்தக் கட்டைதான். அது காதில் விழுந்ததும் எனக்கு மூக்கில் புளித்த ரப்பர்ப்பால் வாடை அடித்தது. காதுக்கும் மூக்குக்கும் என்ன சொந்தம் என்று டாக்டர்கள் சொல்லட்டும். நான் டைப்ரைட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிழை இருந்தால் மெஷினைத் திட்டுங்கள்.

ரப்பர் விலை செத்துப்போயிருந்த காலம். காலேஜ் முடித்துவிட்டு, தலைமுடிக்கு எண்ணெயும் தலைக்குள் கர்வமுமாக, ரெம்பியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. ஆனால் என் முதல் வேலை ஆபீசில் இல்லை, பெரட்டில். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. நான் கூப்பிடுவேன், அவர்கள் "இருக்கேன்" என்பார்கள். சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். முன்பு கங்காணிமார்கள் வராத ஆளுக்கெல்லாம் தாங்களே குரல் கொடுத்து ஏமாற்றியிருந்தார்கள். அதனால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போட்ட சட்டம் இது. குரல் இல்லையென்றால் ஆள் இல்லை. அடுத்தடுத்து இரண்டு பெரட்டில் குரல் இல்லையென்றால் பெயர் கப்பலுக்குப் போகும். அந்த வருடம் எல்லாத் தோட்டங்களும் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. துரைக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும்.

அந்த ஊரில் குரலுக்குப் பஞ்சமே இல்லை. லயத்து வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? நீளக் கொட்டகை ஒன்றைத் தடுத்துத் தடுத்து வீடாக்கியிருப்பார்கள். தடுப்பு கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் "நூறு" என்று வாழ்த்துவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஊரே தீர்ப்புச் சொல்லும். தனிமை என்ற சரக்கு அங்கே எந்தக் கடையிலும் கிடையாது.

அந்த லயத்திலேயே பெரிய குரல் சவேரியம்மாவுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும், கறுப்பாக, ஒடிசலாக. அந்த உடம்பில் எங்கிருந்து அத்தனை சத்தம் வருகிறதென்று நான் யோசித்ததுண்டு. தோட்டத்தில் யார் செத்தாலும், இந்துவோ கிறிஸ்தவரோ, ஒப்பாரி வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் போனார். பிழைக்கத் தெரியாத மனிதர், யாருக்கும் பிடிக்காது. சவேரியம்மா நாலு அடி பாடியதும் கிழவருக்குக் கடன் கொடுத்த செட்டியார்கூட மூக்கைச் சிந்தினார். நானும் சிந்தினேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெரிய வெள்ளி மத்தியானம்தான் அவளுக்கு உச்சம். தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் ஏழெட்டுக் குடும்பம். அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகைதான் அவர்கள் கோயில். சிலுவையிலிருந்து மரச்சிலையை இறக்கி வெள்ளைத் துணியில் கிடத்துவார்கள். மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா அழுவதுபோல சவேரியம்மா பாடுவாள். அதைக் கேட்க இந்துக்களும் வந்து வாசலில் நிற்பார்களாம். அந்த வருடம் நானும் போவதாக இருந்தேன். நான் சாமியைக் கும்பிடுகிற ஜாதி இல்லை. சும்மா வேடிக்கைக்குத்தான்.

ஆனால் அந்தத் தவசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்தின நோன்பு நாட்களில், அவள் டவுனுக்கு ஞான ஒடுக்கத்துக்குப் போய்வந்திருந்தாள். பேச்சைக் குறைத்து, தனியாக உட்கார்ந்து, சாமியாரின் பிரசங்கத்தைக் கேட்டு மனசை அடக்குகிற நாட்கள் அவை. போனவள் வேறு ஆளாகத் திரும்பினாள் என்று சொன்னவள் அங்கம்மா. அங்கம்மா பக்கத்து வீட்டுக்காரி, இந்து. தடுப்புக்கு மேலே வருடக்கணக்காக இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒருவருக்கொருவர் குழம்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வியாழன் சாயங்காலம் தடுப்புக்கு மேலே நடந்த பேச்சை அங்கம்மா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"ஏன்டி சவேரி, நாளைக்கு நீ பாட மாட்டேன்னுட்டியாமே? ஒங்க சாமி செத்த வீட்டுல யாருடி அழுவா?"

"இத்தன வருசம் நாந்தானடி பேசிக்கிட்டே இருந்தேன். அவரு வாயத் தொறக்க எடங் குடுத்தேனா? கோயில் மணி கட்டியிருக்கிற வரைக்கும் நானும் கட்டிக்கிறேன்."

"பெரட்டுல பேரு கூப்புடுவாங்களே?"

"அங்கயும்தான்."

"பைத்தியமாடி ஒனக்கு? கப்பல்ல ஏத்திருவான்லா!"

அதற்கு சவேரியம்மா மெதுவாகச் சொன்னாளாம்: "எம் புள்ள செத்தப்பக்கூட நாந்தான் பாடுனேன். நல்லா பாடுனேன்னு எல்லாரும் சொன்னீங்க. நீகூட சொன்ன."

நாலு வயதில் மலேரியாவில் போன பெண் குழந்தை.

டவுனில் மணி எப்போது அவிழ்க்கிறார்கள் என்று அங்கே கேட்காது. அதனால் சனிக்கிழமை பால் நிறுக்க அடிக்கிற மணியைத் தனக்குக் கணக்காக வைத்திருந்தாள். ஏறக்குறைய அதே நேரம்தானே என்று.

வெள்ளிக்கிழமைப் பெரட்டு. லாந்தர் வெளிச்சத்தில் நான் கூப்பிட்டுக்கொண்டே போகிறேன்.

"சவேரியம்மா."

ஒன்றுமில்லை. எதிரிலேயே நிற்கிறாள், பால்வாளியோடு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"சவேரியம்மா!"

கங்காணி பாய்ந்து வந்தார். "ஏ சவேரி! நாக்க அடகு வச்சிட்டியா? ஐயா கூப்புடுறாருல்ல?"

"பேய் புடிச்சிருக்கு," என்றது பின்வரிசை.

"இவளப் புடிச்சா அந்தப் பேய்தான் பாவம்," என்றது இன்னொரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். துரை திரும்பியதும் சிரிப்பு அறுந்தது.

இதுதான் கெட்ட நேரம் என்பது. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் வேலைக்கு இறங்காமல் பெரட்டில் கல்லாக நின்றிருந்தார்கள். துரைக்கு அன்றிலிருந்து, சத்தம் போடுகிறவனைவிடச் சும்மா நிற்கிறவனைக் கண்டால்தான் பயம். அவள் புருஷன் சூசை ஓடிவந்தான். "தொர, ஸ்ட்ரைக்கு இல்ல தொர, நேர்ச்ச! சாமிக்கு நேர்ச்ச!" துரைக்குத் தமிழ் தெரியும், பரீட்சை எழுதித் தேறியவர். நேர்ச்சை என்றால் வேண்டுதல் என்பது அந்தப் பரீட்சையில் வரவில்லை போலிருக்கிறது. "நாளைக்கு நானே கேட்பேன்," என்றார். "சொல்லாவிட்டால், கப்பல்."

கணக்கில் அவள் வரவில்லை என்று போட்டேன். கண்ணெதிரில் நிற்கிறவளை வரவில்லை என்று எழுதுவது ஒரு தினுசான வேலை. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, கணக்கில் இல்லாத ஆளாகவே, மேட்டுப் பக்கம் தன் நிரைக்கு, தன் பங்கு மர வரிசைக்கு, பட்டை வெட்டிப் பால் இறக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் கொட்டகைக் கோயிலுக்குப் போனேன். சிலையைக் கிடத்தியாயிற்று. எல்லோரும் சவேரியம்மாவைப் பார்த்தார்கள். அவள் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். ஒரு கிழவி தானே இரண்டடி எடுத்துப் பார்த்தாள், தொண்டை உடைந்து நின்றுவிட்டது. "இது நல்லால்ல சவேரி," என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "ஊரு என்ன நெனைக்கும்?" அப்புறம் அதுவும் இல்லை. நான் அதுவரை கேட்டிராத ஓர் அமைதி. அத்தாப்பில் பல்லி ஊர்வது கேட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு.

அப்போதுதான் சூசை அழுதான். ராகமில்லை, வார்த்தை இல்லை, மூச்சு முட்டி, மாடு கதறுவதுபோல ஓர் அழுகை. மகள் செத்த அன்றைக்கு அவன் அழவே இல்லையாம். பொண்டாட்டி பாடுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றானாம். சவேரியம்மா தலை நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டி அவன் முழங்காலில் வைத்தாள்.

சனிக்கிழமை துரையே என் பக்கத்தில் வந்து நின்றார். அவள் பெயர் வந்தது.

"சொல்லு. 'இருக்கேன்.' ஒரு வார்த்தை," என்றார் துரை.

சூசை அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "சொல்லித் தொலையேன்டி! சாமி கோவிச்சுக்க மாட்டாரு. ஊர்ல நமக்கு என்ன இருக்கு, எங்க போயி நிப்போம்?"

"இருக்கா தொர!" என்று கத்தினாள் அங்கம்மா. "இந்தா நிக்கிறாளே, கண்ணு தெரியலியா!"

"அவள் குரல்," என்றார் துரை. "உன் குரல் இல்லை."

சவேரியம்மாவின் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். திறக்கவில்லை. துரை என்னைப் பார்த்தார். கப்பல் பட்டியலில் அவள் பெயரை எழுதினேன்.

வெயில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டியல் மத்தியானத் தபால் லாரியில்தான் போகும். சைக்கிளை மிதித்து மேட்டுக்குப் போனேன். தனியாக, மரத்துக்கு மரம் கோப்பையை வழித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்க. துரை ஆபீஸ்லதான் இருக்கார். இப்பவே வந்து ஒரு வார்த்தை சொன்னா பேரை எடுத்திருவார்."

கையைக் காட்டினாள், பொறு என்று. நான் பொறுக்கிற ஜாதியா? அவள் பின்னாலேயே நடந்து, சட்டம் பேசினேன், சாமியைக் கிண்டல் செய்தேன், கெஞ்சினேன். அவள் அடுத்த மரத்துக்குப் போனாள். கடைசியில் வார்த்தை தீர்ந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். வெட்டிய பட்டையிலிருந்து பால் கோப்பையில் சொட்டுகிற சத்தம் கேட்டது. அத்தனை மாதமாக அந்தத் தோட்டத்தில் சம்பளம் வாங்குகிறேன், அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

கீழே நிறுவை மணி அடித்தது. அவள் வாளியை இறக்கி வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"போலாம் தம்பி," என்றாள். குரல் துருப்பிடித்திருந்தது.

எனக்கு நாக்கு அரித்தது. "பேசினாரா உங்க சாமி?"

நடந்துகொண்டே சொன்னாள். "பேசல. நானும் பேசலன்னதும் எந்திரிச்சுப் போயிருவாருன்னு நெனச்சேன். போகல. கூடவே ஒக்காந்திருந்தாரு."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஆபீஸ் வாசலில் சூசை காத்திருந்தான். துரை அவளைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லக் கூடாது. "இப்போ பேச்சு வருதா?"

"வருது தொர. இருக்கேன் தொர."

"நல்லது. பேரை எடுத்துடுறேன். ஆனால் இனிமேல் எப்பவும் பெரட்டில் இப்படி நிற்க மாட்டேன் என்று சொல். சத்தியம்."

நான் உள்ளுக்குள் 'சொல்லு, சொல்லு' என்று தவித்தேன். ஒரு சத்தியம்தானே? அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் மூன்று சத்தியம் செய்திருப்பேன், ஒன்று கொசுறு.

"அடுத்த வருசமும் பெரிய வெள்ளி வரும் தொர," என்றாள்.

துரையின் சிரிப்பு போயிற்று. பேனாவை மூடி வைத்தார். "போ," என்றார்.

சூசை அவளை அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் என் மேஜைக்கு வந்தான். "கிராணி, அவ பேரு மட்டும்தான் இருக்கா? எம் பேரையும் சேத்து எழுதிக்கங்க."

தம்பின் ஸ்டேஷன் வரை அவர்களைக் கொண்டுபோய்த் துறைமுகத்துக்கு ரயிலேற்றிவிடும் வேலையும் எனக்கே விழுந்தது. அங்கம்மா அடம்பிடித்துக் கூட வந்தாள். ரயில் நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கப் பார்த்தாள். ராகம் பிடிபடவில்லை. "சனியனே, சொல்லியாச்சும் குடுத்துட்டுப் போனியா," என்று ரயிலைத் திட்டினாள்.

துரை மறு வருடமே சீமைக்குப் போய்விட்டார். அதன்பின் அந்தத் தோட்டத்தில் சாவுக்கு யாரும் அப்படிப் பாடவில்லை, பறை மட்டும்தான். கொட்டகைக் கோயில் ஒரு மழைக்காலத்தில் விழுந்தது, யாரும் எடுத்துக் கட்டவில்லை. மேட்டு மரங்களை வெட்டிப் புதுக் கன்று வைத்துவிட்டார்கள். இப்போது பெரட்டில் பெயரே கூப்பிடுவதில்லையாம். ஆளுக்கொரு பித்தளை வில்லை, எண் போட்டது, அதைக் காட்டிவிட்டுப் போகலாம். வாயைத் திறக்கவே வேண்டாம்.

அந்தத் தோட்டத்தில் இன்றைக்கு ஒரு கிறிஸ்தவக் குடும்பம்கூட இல்லை.